செந்தில் அடைச்ச வாய்க்கா

எல்லாருக்கும் வணக்கம். சௌக்கியமா இருக்கீங்களா? மூட்டு வலி, சுகர் எல்லாம் சொன்ன பேச்சு கேக்குதா? இங்க நன்னிலம் பக்கம் ஒரு ஊர்ல நடந்தத சொல்றேன். ஊர் பேரு வேண்டாம், அவங்களும் போன்ல படிக்கிறவங்கதான்.

செந்தில்குமார்னு ஒருத்தன். அபுதாபில ஏசி கம்பெனி சூப்பர்வைசரா ரொம்ப வருஷம் இருந்துட்டு, அப்பா பஞ்சநதம் செத்துப்போனப்புறம் நெலத்தப் பாக்க வந்தவன். வந்ததுலேருந்து அவனுக்கு ஒரே ஆசை. வாய்க்கா தண்ணிய யாருக்கு என்னிக்குன்னு முறை வச்சு விடுற பொறுப்பு தன் கைக்கு வரணும். சம்பளம் கெடையாது, ஒரு டீ கூட கெடையாது. அப்புறம் எதுக்குங்கறீங்களா? ஊர்ல அவனுக்கு இருந்த பேரு "மடைத்திருடன் மவன்". பஞ்சநதம் இருந்தவரைக்கும் அடுத்தவங்க முறைத் தண்ணிய தன் வயலுக்குத் திருப்புறதுல பெரிய கை. முறை பாக்குற ஆளா ஆயிட்டா அந்தப் பேரு ஊர் வாயிலேருந்து அழிஞ்சுடும்னு செந்திலுக்கு நெனப்பு.

அபுதாபில ஆளுமை வளர்ச்சின்னு ஏதோ வகுப்புக்குப் போனானாம். அதுலேருந்து எதுக்கெடுத்தாலும் "என்னை நானே செதுக்கிக்கிட்டேன்"ம்பான். வெடியக்காலம் எந்திரிக்கிறானா, அவனே செதுக்கினது. சிகரெட்ட விட்டானா, அவனே செதுக்கினது. சாம்பார்ல உப்பு கூடிப்போயி தட்டைத் தள்ளிவிட்டா மட்டும், "எங்கப்பா வளத்த வளப்பு அப்படி"ம்பான்.

பொண்டாட்டி கவிப்ரியா ஒரு நாள் கேட்டா. "நல்லதெல்லாம் நீங்க பண்ணது, கெட்டதெல்லாம் மாமா பண்ணது. அப்ப மாமா உங்களுக்கு ஒரு நல்லது கூட விட்டுட்டுப் போகலியா?"

"நெலத்த விட்டுட்டுப் போனாரே"ன்னான் தொரை.

இந்த வருஷம் தண்ணி வரத்து கம்மி. செந்தில் யாரும் கேக்காமலேயே யார் முறை என்னிக்குன்னு கலர் கலரா அட்டவணை போட்டு ஊர் வாட்ஸப் குரூப்ல அனுப்பினான். கீழ, "முறை மீறுவது உழவனுக்கு அழகல்ல"ன்னு ரெண்டு கைகூப்பு பொம்மை வேற. பொறுப்ப யாருக்குக் குடுக்கறதுன்னு முடிவு பண்ண ஞாயித்துக்கிழமை சாயங்காலம் புள்ளையார் கோயில் வாசல்ல கூட்டம்னு ஆச்சு. அன்னிக்கு தண்ணி அமிர்தத்தோட முறை. அமிர்தம் தனியா நின்னு வெள்ளாமை பாக்குறவ, செந்திலுக்கு அத்தை முறை. அவ வயல் இவன் வயலுக்கு அடுத்தாப்ல கீழ.

மத்தியானம் செந்தில் வயல சும்மா எட்டிப்பாக்கப் போனான். சம்பா, கதிர் வெளிய வர்ற சமயம், தரை வெடிப்பு விட்டிருக்கு. கண்ணு முன்னாடி அமிர்தத்து தண்ணி சலசலன்னு போகுது. ஊரே சாப்பிட்டுட்டு தூங்குது. சுத்தும்முத்தும் பாத்தான். வரப்புல கெடந்த வைக்கோல அள்ளி, தொடையில வச்சு முறுக்கி, சேத்தை அப்பி, வாய்க்காலுக்குக் குறுக்க வச்சு, இடது குதிகாலால மிதிச்சு இறுக்கி, தண்ணி உள்ள பாய தன் வயல் மடைய வெட்டி விட்டுட்டான். பஞ்சநதம் பண்றது அப்படியேதான், அதே தொடை, அதே குதிகால். யாரும் உக்கார வச்சு பாடம் நடத்தல. கூட்டத்துக்கு முன்னாடி வந்து எடுத்துடலாம்னு வீட்டுக்குப் போனவன், குளிச்சு, சலவைச் சட்டை மாட்டி, செண்டு அடிச்சு, கண்ணாடி முன்னாடி நின்னு பேசிப் பாத்ததுல வைக்கோல மறந்தே போனான்.

கூட்டத்துல மைக்கப் புடிச்சான். "நம்ம பொறப்பு நம்ம கையில இல்லீங்க. ஆனா நாம யாருங்கறது நம்ம கையிலதான் இருக்கு. என்னை எடுத்துக்குங்க..."

டிங்குன்னு ஒரு போன். அடுத்து இன்னொண்ணு. அப்புறம் கோயில் வாசல் பூராவும் டிங் டிங். எல்லாரும் குனிஞ்சு போனப் பாத்தாங்க, நிமிந்து செந்தில பாத்தாங்க. அட்டவணைக்கு நேர் கீழ, அமிர்தம் அனுப்பின போட்டோ. அடைச்ச வாய்க்கா, தண்ணி பூரா செந்தில் வயலுக்குள்ள பாயுது.

அமிர்தம் பின்னாடியிலேருந்து நடந்து வந்தா. "பேசு தம்பி, ஏன் நிறுத்திட்ட? உன்னை எடுத்துக்கச் சொன்னியே."

செந்தில் முகத்துல ஈயாடல. "அத்தை... மனசறிஞ்சு பண்ணல. எங்கப்பாவப் பாத்து வளந்த கை. என்னைக் கேக்காமலேயே போயிடுச்சு."

கூட்டத்த நடத்துற பக்கிரி கூட, பாவம்ங்கற மாதிரி தலைய ஆட்டினாரு. அமிர்தம் ஆட்டல.

"உங்கப்பா திருடுனாரு. என் தண்ணியவே திருடியிருக்காரு. நானும் அவர வாய்க்கு வந்தபடி வைஞ்சிருக்கேன். ஆனா அந்த மனுசன் பாதி வாய்க்காலதான் அடைப்பாரு. மீதி பாதி எனக்கு வந்துகிட்டே இருக்கும். 'அமிர்தம், உன் பயிரும் பயிருதானே'ம்பாரு, வெக்கமில்லாம. நீ சொட்டு விடாம அடைச்சிருக்க. வைக்கோல் முறுக்குனது உங்கப்பா கை, ஒத்துக்கறேன். முழுசா அடைச்சது யாரு கை?"

பக்கிரி எந்திரிச்சு, "மைக்கக் குடுங்க தம்பி, பேட்டரி தீந்துடப் போவுது"ன்னாரு. பொறுப்பு அமிர்தத்துக்குன்னு அங்கேயே பேசி முடிச்சாங்க. அவ போட்ட மொத உத்தரவு, "வச்சவனே போயி எடுக்கட்டும்."

சலவைச் சட்டையோட வாய்க்கால்ல எறங்கினான். பின்னாடியே கவிப்ரியாவும் போனா. பாதி வைக்கோல உருவினதும் தண்ணி கீழ பாய ஆரம்பிச்சுது. அவன் வயல் மூலையில இன்னும் வெடிப்பு மூடல. கையில பாதி வைக்கோலோட அப்படியே நின்னான்.

"என்னங்க, மாமா ஞாபகம் வந்துடுச்சா?"

"இல்ல, அப்பா மாதிரி பாதி மட்டும் விட்டா..."

"முழுசா எடுங்க. பாதி அடைக்கிற அளவுக்கு நீங்க இன்னும் நல்லவரா ஆகல."

எடுத்தான். வேற வழி?

மடைத்திருடன் மவன்ங்கற பேரு இப்ப ஊர்ல இல்ல, அவன் ஆசைப்பட்டபடியே போயிடுச்சு. இப்ப அவன் பேரு "முழுமடை". இது மட்டும் சத்தியமா அவனே செதுக்கினது.

சரி, நீங்க சொல்லுங்க. உங்க வீட்ல யாரோட கெட்ட கொணத்துக்கு எந்தச் செத்தவங்க தலை உருளுது? உங்களையும் சேத்துத்தான் கேக்கறேன். கீழ எழுதுங்க, பேர மாத்திப் போட்டாலும் பரவால்ல, படிக்கிறேன்.