காட்டூர் ரோட்டு நரி

என்னைக் கட்டிவைத்து உதைத்தாலும் தகும்.

அன்றைக்கு ஒன்பது மணிக்கு எங்கள் குப்பத்தில் பாடு குலுக்கல். ஏரியில் எந்த வீடு எந்த இடத்தில் வலை கட்டுவது என்று வருஷத்துக்கு ஒருமுறை சீட்டுப் போடுவார்கள். பேர் கூப்பிடும்போது அந்த வீட்டு ஆம்பளை எழுந்து நிற்க வேண்டும். இல்லையென்றால் அந்த வருஷம் இடம் கிடையாது. அக்கா வீட்டுக்காரர் சகாதேவன் மாமா கால் உடைந்து படுத்திருந்ததால் அவருக்காக நான் நிற்பதாகப் பேச்சு.

"மறந்துடாதடா தருமா, உன்னத்தான் நம்பிகினு இருக்கோம்" என்று அக்கா செவ்வந்தி நாலு தடவை சொன்னாள்.

"நான் இன்னா கொயந்தையா?" என்று எரிந்து விழுந்துவிட்டு, குட்டியானை வண்டியில் இறால் லோடு ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் ஆரம்பாக்கம் போனேன்.

திரும்பும்போது ரோட்டோர வாய்க்காலில் கூழைக்கடாப் பறவைக் கூட்டம் மீன் வாரிக்கொண்டிருந்தது. நிறுத்தி வேடிக்கை பார்த்தேன். அப்புறம் டீக்கு ஒரு நிறுத்தம். காட்டூர் தாண்டியதும் கண் சொக்கியது. வண்டியைக் கருவேல நிழலில் ஒதுக்கிவிட்டுப் பத்து நிமிஷம் சாய்ந்தேன்.

கண்ணைத் திறந்தால் முன்கண்ணாடிக்கு நேரே ஒரு நரி! காதைத் தூக்கிக்கொண்டு என்னையே பார்க்கிறது. நரி முகத்தில் முழித்தால் அதிர்ஷ்டம் என்று ஊரில் சும்மா சொல்வார்கள், எனக்கு நிஜமாகவே நடந்துவிட்டது. இறால் வாடைக்கு வந்திருக்கும் என்று இந்த மரமண்டைக்கு உறைக்கவே இல்லை. மாமாவுக்கு நல்ல இடம்தான் என்று முடிவே கட்டிவிட்டேன். போனை எடுப்பதற்குள் அது புதரில் புகுந்துவிட்டது. விடுவேனா? சத்தம் கேட்டு ஓடிவிடப் போகிறதே என்று போனைச் சைலன்ட்டில் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். வெகுநேரம் கழித்து இரண்டு குட்டிகளோடு வந்தது. வீடியோ எடுத்து ஊர் வாட்ஸப் குரூப்பில் போட்டேன்: "நரி மூஞ்சில முழிச்சாச்சு, இன்னிக்கு நம்ம நாள்தான்!"

அப்போதுதான் மணியைப் பார்த்தேன். ஒன்பதேகால். அக்காவிடமிருந்து பதினோரு மிஸ்டு கால்.

அடித்துப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது கோயில் வாசலில் கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. ஊர்த் தலைவர் சுப்பராயலு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"வண்டி பஞ்சர், வந்துகினே இருக்கான்னு உங்கக்கா கையெடுத்துக் கும்புட்டுச்சு. சரி, பாவம்னு உங்க மாமா பேரக் கடைசியில வெச்சோம். அதுக்குள்ள எல்லார் போன்லயும் உன் நரி வந்து நின்னுச்சு. பொய் சொன்ன வூட்டுக்காக எப்டிப்பா காத்துகினு நிக்கிறது? இந்த வருஷம் உங்களுக்கு எடம் இல்ல."

அக்கா தூணோரம் உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் நாலு அறை விட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"ஊரு முன்னால பொய்காரியாயிட்டேன்டா" என்றாள். "வூட்ல போயி அவருகிட்ட நீயே சொல்லு. என்னால முடியாது."

வீட்டுக்குப் போனேன். மாமா கட்டிலில் தலையணையை முட்டுக்கொடுத்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கையில் போன், அதில் என் நரி. என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்லாகக் கேட்டார்:

"வாடா அதிர்ஷ்டக்காரா! நமக்கு எந்த எடம் வுழுந்துச்சு?"