வாளியில் இறுகிய பசை

மேஸ்திரிக்கு டைல்ஸ்காரன் தர வேண்டியது ஏழாயிரத்து இருநூற்று நாற்பது. வாங்கித் தின்ற காசல்ல. வாளியிலேயே கல்லாகிப்போன, டைல்ஸ் ஒட்டும் பசையின் விலை. பசையைக் கலக்குவான், மட்டம் பார்க்கும் ரசமட்டத்தைத் தேடிப் போவான், போன இடத்தில் ஒரு குழாய் கோணலாகத் தெரியும், அதை நோண்ட உட்கார்ந்துவிடுவான். திரும்பி வந்தால் கரண்டி இறங்காது. மேஸ்திரி அவனுக்கு 'அரைவாளி' என்றே பெயர் வைத்துவிட்டார்.

"மறுபடி ஊத்த ஆரம்பிச்சிட்டியா?" என்று வாயை மோந்து பார்ப்பார். குடியை விட்டு ஐந்து மாதம். பனைமரத்தடியில் பால் குடித்த கதைதான்.

வைத்தியத்திலும் அவனைப் பந்தாடினார்கள். குடியை நிறுத்திய டாக்டரம்மா, மனச்சோர்வுக்கு வேறொருவரிடம் அனுப்பினார். அவர் மாத்திரை எழுதிவிட்டு, "கவனக் குறைவை அப்புறம் பாக்கலாம்" என்றார். கவனக் குறைவைப் பார்ப்பவரோ, "குடிச்ச ஆளுக்கு இந்த மாத்திரை தரப் பயமா இருக்கு, இதுவும் பழக்கமாயிடும். ஒரு வருஷம் கழிச்சு வாங்க" என்றார்.

"அதுவரைக்கும் எவன்க்கா எனக்கு வேலை தருவான்?" என்று ஆஸ்பத்திரி வாசலிலேயே, கூட வந்த அக்காவிடம் எரிந்து விழுந்தான். "இருக்கறது ஒரு மண்டை. அதை மூணு பேரும் பங்கு போட்டுக்கிட்டாங்க."

"மெதுவாப் பேசுடா. நாலாவது ஆளும் பங்குக்கு வந்துரப் போறான்."

அவன் சிரிக்கவில்லை. அவன் கால் சாராயக் கடைப்பக்கம் திரும்பியதை அக்கா பார்த்தாள்.

மறுநாள் வேலையிடத்திலிருந்து இறுகிய வாளியொன்றைத் தூக்கிக்கொண்டு, தம்பியையும் இழுத்துப் போய், டாக்டரம்மாவின் மேசைமேல் 'ணங்'கென்று வைத்தாள்.

"இது அவன் குடிக்காத நாள்ல இறுகினதும்மா. சின்ன வயசுலயே பாதிச் சோத்துல எழுந்து போயிடுவான். திட்டு வாங்குவான், சோர்ந்து படுப்பான், அப்புறம்தான் பாட்டிலைத் தேடுவான். நீங்க கடைசியில இருந்து வைத்தியம் பாக்கறீங்க."

டாக்டரம்மா வாளியைத் தட்டிப் பார்த்தார். பிறகு மற்ற இருவரையும் போனில் பிடித்தார். வாக்குவாதம் நீண்டது. சோர்வு மாத்திரை தொடரட்டும், குடிக்கான ஆலோசனையும் தொடரட்டும், கவனத்துக்குப் பழக்கமாகாத மாத்திரை ஒன்றை இப்போதே தொடங்கலாம் என்று முடிந்தது.

"மாத்திரை வேலை செய்யக் கொஞ்ச வாரம் ஆகும்," என்றார் டாக்டரம்மா.

"இன்னுமா?" என்று பல்லைக் கடித்தான்.

அந்த வாரங்களிலும் வாளிகள் இறுகத்தான் செய்தன. கடைப்பக்கம் மட்டும் அவன் போகவில்லை. வாரங்கள் கழிந்து ஒரு நாள் மேஸ்திரி அவன் வாளியைக் கவிழ்த்தார். ஒன்றும் விழவில்லை, அடிவரை வழித்திருந்தது. சுவரைப் பார்த்தார். வரிசை நேராக ஓடியிருந்தது.

"சரி, பழைய கணக்கை விட்டுட்டேன். இனிமே இறுகினா கேப்பேன்."

"கேளுங்க," என்றான் டைல்ஸ்காரன், அடுத்த வாளிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே. "ஆனா வாயை மோந்து பாக்காதீங்க."