இடது தோளுக்கு என்ன பலன்?

பல்லியைக் காசு கொடுத்து வாங்குவார்கள் என்பதையே என் கணவர் குமரவேலால் ஏற்க முடியவில்லை. "நம்ம ஊர்ல இத விளக்குமாத்தால விரட்டுவோம்" என்று, எங்கள் அமெரிக்க ஊரான கேட்டியில் இருந்த அந்தச் செல்லப்பிராணிக் கடையின் வாசலிலேயே நின்றுவிட்டார். மகள் மகிழினியின் பத்தாவது பிறந்தநாளுக்கு லெப்பர்ட் கெக்கோ என்ற வளர்ப்புப் பல்லி வாங்கித் தருவதாக நான் வாக்குக் கொடுத்திருந்தேன். கொடுத்தால் கொடுத்ததுதான்.

கடைப் பெண் பளிச்சென்ற ஆரஞ்சு நிறப் பல்லி ஒன்றைக் காட்டினாள். "சோ க்யூட்!" என்றாள் மகிழினி. அழகை வைத்து நான் என்ன செய்ய? அதன் வால் குச்சிபோல் இருந்தது. இந்தப் பல்லி கொழுப்பைச் சேர்த்துவைப்பதே வாலில்தான். ஒரு கண் வேறு பாதி மூடியிருந்தது. வேண்டாம் என்றேன்.

மூலையில் இருந்த மங்கல் மஞ்சள் பல்லிக்கு வால் என் கட்டைவிரல் தடிமன். கண் தெளிவாக இருந்தது, விரல்களில் உரியாத பழைய தோல் ஒட்டியிருக்கவில்லை, வயிறு தரையில் இழுபடாமல் நடந்தது.

"இதான்" என்று கையில் எடுத்தேன். "சீக்கிரம் வா" என்று குமரவேல் பக்கத்தில் வந்ததும், அது அவருடைய இடது தோளுக்குத் தாவியது. அவர் கண்களை இறுக மூடிக்கொண்டார்.

"இடது தோள்ல பல்லி விழுந்தா என்ன பலன்?"

நான் பஞ்சாங்கத்தைப் புரட்டியதே இல்லை. ஆனால் பதினோரு வருஷமாக அவர் எதற்குக் காத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும்.

"கிரீன் கார்டு" என்றேன்.

ஒரு கண்ணை மட்டும் திறந்து தோளைப் பார்த்தார்.

"வால் நல்லா கொழுகொழுன்னுதான் இருக்கு. இதையே பேக் பண்ணச் சொல்லு."