ஜெர்சனின் இடது சிறுநீரகம்

ஜெர்சன் ஐந்தரைக்கு எழுந்தான். பல் தேய்த்தான். நாற்காலியில் ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்தான். பிறகு கையில் பட்டையைச் சுற்றி பி.பி. மெஷினை அமுக்கினான். நூற்றிருபது, எழுபத்தெட்டு. தேதி போட்டு நோட்டில் எழுதினான். உப்புக் குறைத்த தோசை இரண்டு தின்றான். சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது துறைமுகத்துக்குப் போகும் முதல் கண்டெய்னர் லாரி தெருமுனையில் ஹாரன் அடித்தது.

சிறுநீரகம் கொடுக்கப் போகிறவன் பி.பி.யைத் தினமும் பார்க்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். மனைவி ஷெர்லினுக்காகத் தொடங்கிய நோட்டு. அவள் இறந்து மூன்று மாதமாகிறது. அவன் எழுதுவதை நிறுத்தவில்லை.

காலைப் பூசை முடிந்து மாமியார் மரியசெல்வி உள்ளே வந்தாள்.

"இன்னும் இந்த மெஷின விடலியா?"

"இன்னிக்கு மதுரையில கமிட்டி, மாமி."

"அவளே போயாச்சு. நீங்க யாருக்கு அறுத்துக் குடுக்கப் போறீய?"

"மாசானத்துக்கு."

"அவங்க ஆடின்னு சொல்லாம இருந்திருந்தா எம்புள்ள இருந்திருப்பா."

"நாமளும் கொடியேத்தம்னு நெனச்சோம்லா."

மரியசெல்வி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

நடந்தது இதுதான். ஜெர்சனின் ரத்தம் ஏ, ஷெர்லினுடையது பி. அவனுடையது அவளுக்குச் சேராது. ஊரை ஒட்டிய புதுக்கோட்டைக்கு அந்தப் பக்கம் வாழை போட்டிருக்கும் மாசானத்துக்கும் இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது; அவர் ரத்தம் ஏ. அவர் மனைவி அருணாசலவடிவு பி. இவன் அவருக்குக் கொடுப்பது, அந்த அம்மா ஷெர்லினுக்குக் கொடுப்பது, இரண்டு ஆபரேஷனும் ஒரே நாளில். இப்படி ஒரு ஜோடி அமைய ஷெர்லின் பதினான்கு மாதம் காத்திருந்தாள், வாரம் மூன்று டயாலிசிஸோடு.

ஜூலை இருபத்தெட்டு என்று தேதி கொடுத்தார்கள். ஆடியில் கத்தி வைக்க வேண்டாம், ஆடி கழியட்டும் என்றது மாசானத்தின் வீடு. இங்கே பனிமய மாதா கோவிலில் கொடி ஏறி இரண்டாம் நாள் அது. திருவிழா முடியாமல் ஆஸ்பத்திரியில் போய்ப் படுப்பதா என்று இவர்களும் மனதுக்குள் நினைத்துக்கொண்டுதான் இருந்தார்கள். தள்ளிப் போடலாமா என்று மாசானம் வீட்டிலிருந்து போன் வந்ததும் இரண்டு வீட்டுக்கும் நிம்மதி. ஆகஸ்டு இருபது என்று மாற்றிக்கொண்டார்கள். டயாலிசிஸுக்காகக் கழுத்தில் போட்டிருந்த குழாய் வழியே கிருமி ஏறியது. அந்தத் தேதி வருமுன்பே, ஆகஸ்டு ஒன்பதில், ஷெர்லின் போய்விட்டாள்.

ஜோடி முறிந்தால் மாற்று ரத்து. மாசானம் மறுபடி வரிசையின் கடைசியில். இன்னொரு ஜோடி அமைய ஒன்றரை வருடம் ஆகலாம் என்றார்கள். அவருடைய இருதயம் அவ்வளவு நாள் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஜெர்சன் உறவில்லாத கொடையாளியாக, அனுமதி கொடுக்கும் கமிட்டிக்கு மனு போட்டான்.

பஸ் ஸ்டாண்டில் மாசானமும் அருணாசலவடிவும் முன்னதாகவே வந்து நின்றார்கள்.

"தம்பி, வேண்டாம்," என்றாள் அவள். "எங்க ஊருல என்ன பேசுதாவ தெரியுமா? நாலு லட்சத்துக்கு முடிச்சாச்சாம்."

"நாலுதானா?" என்றார் மாசானம். "போன மாசம் ஏழுன்னுல்லா சொன்னாவ. ஒமக்கு மார்க்கெட் எறங்கிட்டு தம்பி."

சிரிக்க வேண்டிய இடம் என்று ஜெர்சனுக்குத் தெரிந்தது. சிரிப்பு வரவில்லை. "பஸ்ஸு கெளம்புது அண்ணாச்சி, ஏறுங்க," என்றான்.

எட்டயபுரம் தாண்டும்வரை அருணாசலவடிவு ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தாள். பிறகு, "நாங்கதான தம்பி தள்ளிப் போடச் சொன்னோம்," என்றாள்.

"ரெண்டு வீடும் சேந்துதான் தள்ளுனோம் அக்கா. ஒத்தையா எடுத்துக்கிடாதீய."

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒருங்கிணைப்பாளர் முத்துமாரி ஃபைலோடு காத்திருந்தாள். அவனுடைய கடிதத்தைத் தட்டச்சு செய்து வைத்திருந்தாள். கீழே ஒரு வரி அவளாகச் சேர்த்தது: 'இது என் மனைவியின் கடைசி ஆசை.'

"அவ அப்படிச் சொல்லலியே."

"தெரியும் சார். இதைப் பார்த்தா கமிட்டி இளகும். இல்லைன்னா பணம் கைமாறுச்சான்னு குடைவாங்க. நல்ல காரியத்துக்குத்தானே?"

ஊரில் மரியசெல்வியும் துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள், மாதாவே என்னை ஏத்துக்கோ என்று சொல்லித்தான் மகள் கண்ணை மூடினாள் என்று. மரியசெல்வி அப்போது ஆஸ்பத்திரியிலேயே இல்லை. ஜெர்சன் அதைத் திருத்தவில்லை. பெற்றவளுக்கு அது வேண்டியிருந்தது. இது அப்படியல்ல. பேனாவை வாங்கி அந்த வரியை அடித்தான். பக்கத்தில் கையெழுத்தும் போட்டான்.

உள்ளே நான்கு பேர். நடுவில் இருந்த வயதான டாக்டர் கடிதத்தைப் படித்தார்.

"இந்த வரியை ஏன் அடிச்சீங்க?"

"பொய் சார்."

கூடவே வந்து கதவருகே நின்ற முத்துமாரி தலையைக் குனிந்துகொண்டாள்.

"மாசானம் உங்களுக்கு என்ன உறவு?"

"உறவு இல்ல."

"பதிலுக்கு என்ன கிடைக்கும்?"

"ஒண்ணுமில்ல. கிடைக்க வேண்டிய ஆளு இப்ப இல்ல."

"துக்கத்துல எடுத்த முடிவுன்னு நாங்க மறுக்கலாம்."

"மறுங்க சார். திரும்ப மனு போடுவேன். திரும்ப மறுத்தா மேல அப்பீல் போவேன். நான் துறைமுகத்துல கஸ்டம்ஸ் பேப்பர் பாக்குற கிளியரிங் ஏஜென்சியில வேலை பார்க்கேன். திருப்பி அனுப்புன பேப்பரத் திரும்பக் கொண்டாறதுதான் என் பொழைப்பு."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். ஜெர்சன் குரலை உயர்த்தவில்லை.

"ஜூலையில நான் போட்ட கையெழுத்த எடுத்துப் பாருங்க. வாங்குறவர் பேரு மாசானம்னுதான் இருக்கும். என் கிட்னி அவளுக்குன்னு எந்தப் பேப்பர்லயும் கெடையாது. அது என்னிக்கும் இவருக்குள்ளதுதான். நாளு பார்த்துத் தள்ளிப் போட்டதுல ஒரு உயிர் போச்சு. இன்னொன்னையும் தள்ளச் சொல்லுதீங்களா?"

அவர்கள் மாசானத்தையும் அருணாசலவடிவையும் தனித்தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார்கள். வங்கிப் புத்தகங்களைப் புரட்டினார்கள். மூன்று மணிக்கு அவனை மறுபடி உள்ளே அழைத்தார்கள். டாக்டர் அனுமதித் தாளில் கையெழுத்திட்டு அடுத்தவரிடம் தள்ளினார். நான்காவதாகக் கையெழுத்துப் போட்ட அம்மாள் பேனாவை மூடினாள்.

"இது பதிவுக்கு இல்ல தம்பி. அவங்க கடைசியா என்னதான் சொன்னாங்க?"

ஜெர்சன் சொன்னான். நாளுக்கு அரை லிட்டருக்கு மேல் தண்ணீர் குடிக்கக் கூடாது என்பது அவளுக்குக் கட்டுப்பாடு. அன்று காய்ச்சல் வேறு. கட்டிலருகே நின்று அவன் தன் தாகத்துக்குத் தண்ணீர் பாட்டிலைத் திறந்தான். அவள் சொன்னதும் வராந்தாவுக்குப் போய் முழுப் பாட்டிலையும் குடித்தான். திரும்பி வந்தபோது அவள் கட்டிலைச் சுற்றித் திரை போட்டிருந்தார்கள். அவள் சொன்னது இவ்வளவுதான்:

"எம்முன்னால நின்னு குடிக்காதீயன்னு எத்தன தடவ சொல்லுதேன். வெளிய போய்க் குடிச்சிட்டு வாங்க."