பதில் வரும்வரை

ஏழாவது மாடிக்கும் எட்டாவது மாடிக்கும் நடுவில், லிஃப்டின் கூரைமேல் உட்கார்ந்திருந்த மெக்கானிக்குக் கேள்வி தெளிவாகவே கேட்டது.

"கீழ இறக்கட்டுமா?"

சுலபமான கேள்விதான். அவர்கள் தொழிலில் பதில் என்பது கேட்டதையே திருப்பிச் சொல்வது. உச்சியில், மோட்டார் அறையில் இருப்பவர் "கீழ" என்றால் லிஃப்டின்மேல் இருப்பவரும் "கீழ" என்று சொல்ல வேண்டும். சொல்லாதவரை லிஃப்ட் ஓர் அங்குலம் அசையாது. பதினாறு வருடங்களாகக் கிளிப்பிள்ளை போல ஒப்பித்துவந்த அந்த ஒரு சொல் இன்று வரவில்லை. நெஞ்சுக்குழிக்குக் கீழே யாரோ ஈரத்துணியைப் பிழிவது போல ஒரு முறுக்கு. பிழிந்தார்கள், உதறினார்கள், போதவில்லை என்று மறுபடியும் பிழிந்தார்கள். வாயைத் திறந்தால் சொல் வருமா, வேறு ஏதாவது வருமா என்று சந்தேகமாக இருந்ததால் அவன் திறக்கவே இல்லை.

குற்றவாளி ஓர் அவித்த முட்டை. முழுசுகூட இல்லை, பாதி. ஒரு காலத்தில் ஆறு முட்டையைப் பேச்சுவாக்கில் முடித்துவிட்டு "சரி, சாப்பிடலாமா?" என்று கேட்ட வயிறு அது. பதினோரு வாரங்களுக்கு முன்பு அதில் முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிட்டார்கள். மீதி இருப்பது ஒரு வாழைப்பழம் அளவு என்று டாக்டர் சொல்லியிருந்தார். வயிற்றுக்குத் தெரிந்த இந்தச் செய்தி தொண்டைக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. எந்தக் கட்டடத்தில் யார் எப்போது மாட்டிக்கொள்வார்கள் என்று தெரியாத பிழைப்பு. இரண்டு நிமிடத்தில் விழுங்கிவிட்டு ஓடிப் பழகிய தொண்டை. இன்றும் அழைப்பு வந்ததும் முட்டையை இரண்டே வாயில் தள்ளி, மேலே பச்சைத் தண்ணீரையும் ஊற்றிவிட்டு ஏறிவிட்டான்.

வேலையிடத்தில் அவனுக்கு எடைக்கல் என்று பெயர். புது லிஃப்டைச் சோதிக்கும்போது இரும்புக் கற்களை ஏற்றிப் பார்ப்பார்கள். இரண்டு கல் குறைந்தால் அவனை ஏறச் சொல்வார்கள். எடை கூடிவிட்டது என்று மணி அடித்துவிடும். அவனும் சேர்ந்து சிரிப்பான். லிஃப்டின் கூரையில் இருக்கும் சதுரத் திறப்பில் ஒருநாள் இடுப்போடு மாட்டிக்கொண்டு, உள்ளே நின்றவர்களுக்குக் கால்களின் தரிசனத்தை மட்டும் கொடுத்தபடி அரைமணி நேரம் அரை மனிதனாகத் தொங்கியபோதுதான் சிரிப்பு தீர்ந்துபோனது.

எடை குறைக்கிற ஆபரேஷனே வேண்டாம் என்று மனைவி மன்றாடினாள். "எனக்கு நீங்க முழுசா வேணும். அறுத்தது போக மீதியை வெச்சு நான் என்ன பண்றது?" அவன்தான் பிடிவாதமாக நின்றான். பலனும் இல்லாமல் இல்லை. மூச்சு முட்டாமல் தூங்குகிறான். சர்க்கரை இறங்கியிருக்கிறது. குனிந்து ஷூ கயிற்றைக் கட்டுகிறான்; முதல்நாள் கட்டி முடித்ததும் அந்த முடிச்சைச் சற்றுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். இவ்வளவையும் வாங்கிக்கொண்டு, வலிக்கிறது என்று எந்த முகத்தோடு சொல்வது? அதுவும் அவளிடம்? ஆகவே மூன்று வாரங்களாக, பிடிப்பு வரும்போதெல்லாம் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் குந்திக்கொள்வான். வெளியிலிருந்து அவள் கூப்பிட்டால், "முகம் கழுவறேன்." கல்யாணத்தன்றுகூட அவன் இத்தனை தடவை முகம் கழுவியதில்லை.

"கீழ இறக்கட்டுமா?" இரண்டாம் முறை. மூன்றாம் முறை. பிறகு மேலே மோட்டார் அறையின் கதவு திறக்கும் சத்தம். முட்டி தேய்ந்த கூட்டாளி ஒவ்வொரு படியையும் திட்டிக்கொண்டே நாலு மாடி இறங்கி வந்தார். எட்டாவது மாடிக் கதவைச் சாவி போட்டுத் திறந்து எட்டிப்பார்த்து, சட்டையைப் பிடித்து அவனை மெல்ல வராந்தாவுக்கு ஏற்றினார்.

"பதிலே காணோம். இருக்கியா போயிட்டியான்னு பாக்க வந்தேன்."

பத்து நிமிடம் சுவரில் சாய்ந்திருந்த பிறகு முறுக்கு தளர்ந்தது. அவன் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "மூணு வாரமா இருக்குண்ணே," என்றான்.

"வீட்ல தெரியுமா?"

அவன் குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினான்.

"அங்கயும் இதே கதைதானா?" கூட்டாளி போனை எடுத்து அவன் மனைவியின் எண்ணை அழுத்தி அவன் கையில் திணித்தார். "நானும் உன் வாயால கேக்கணும். பேசு."

பல் டாக்டர் ஒருவரின் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிற மனைவி, வலி என்று சொல்கிறவர்களைப் பகலெல்லாம் கேட்டுப் பழகியவள். இவன் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. கடைசியில், "நாளைக்குக் காலையில டாக்டர்கிட்ட போறோம்," என்றாள்.

"போறோம்," என்றான் அவன், தொழில் பழக்கத்தில்.

மறுநாள் டாக்டர் தொண்டை வழியே குழாய் விட்டுப் பார்த்தார். தையல் பிரியவில்லை, எங்கும் அடைப்பும் இல்லை. வெறும் தசைப் பிடிப்பு. ஒரு மாத்திரை எழுதினார். சின்னக் கரண்டி, கூழாகும்வரை மெல்வது, சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது என்று புதிதாகப் பல் முளைத்த குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொல்லி, மறுபடி வலித்தால் அன்றைக்கே வரச் சொன்னார். அவனுக்கு அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது.

வெளியே பெஞ்சில் மனைவி கைப்பையை மடியில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

"பாத்ரூமுக்குள்ள உக்காந்து திருட்டுத்தனமா இனிப்பு திங்கறீங்கன்னு நெனச்சேன். உங்க ஸ்பானர் பெட்டியைக்கூடக் கவுத்துப் பாத்தாச்சு."

அவனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவள் சிரிக்கவில்லை.

"வலிக்குதுன்னா சொல்லிக் காட்டுவேன்னு பயமா?"

அவன் மருந்துச் சீட்டை நாலாக மடிக்க ஆரம்பித்தான்.

"சொல்லிக் காட்டத்தான் செய்வேன். அதுக்காகச் சொல்லாம இருப்பீங்களா?"

அன்று மாலை, சாஸரில் மசித்த உருளைக்கிழங்கு நாலு கரண்டி. மகன் குழந்தையாக இருந்தபோது வாங்கிய கரண்டியை எங்கிருந்தோ தேடி எடுத்திருந்தாள். எதிரே அவள் தட்டு. கேட்டதைத் திருப்பிச் சொல்லும் லிஃப்ட் முறையைக் கூட்டாளி போனில் விளக்கியிருப்பார் போலிருக்கிறது. கரண்டி வாய்க்குள் போனதும் அவள் மேஜையில் விரலால் தட்டி எண்ண ஆரம்பித்தாள். முப்பது வந்ததும், "இறக்கலாமா?"

"இறக்கலாம்."

விழுங்கினான். இருவரும் காத்திருந்தார்கள். ஒன்றுமில்லை. அடுத்த கரண்டி. அப்போதுதான் அவள் தட்டைக் கவனித்தான். தொட்ட அடையாளமே இல்லை. குழம்பின் மேல் ஆடை படர்ந்திருந்தது. டாக்டரிடமிருந்து நேராக வேலைக்குப் போய்விட்டு வந்தவள். 'நீ சாப்பிடு' என்று சொல்லத்தான் வாயெடுத்தான். அதற்குள் நெஞ்சுக்குழிக்குக் கீழே, துணியின் ஒரு முனையை யாரோ சும்மா பிடித்துப் பார்ப்பதுபோல ஒரு சின்ன இறுக்கம். முகத்தை மாற்றிக்கொள்ள நினைத்தான். கண் தானாகக் குளியலறைப் பக்கம் போய், திரும்பி வந்தது.

"வருது," என்றான்.

"நிறுத்து."

"நிறுத்து."

மூன்றாவது கரண்டி சாஸருக்கும் வாய்க்கும் நடுவே நின்றது. எதிரே அவள் கையும், தட்டைத் தொடாமல், காற்றில் அப்படியே நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் அவர்கள் குடியிருந்த கட்டடத்தின் லிஃப்ட் யாரையோ ஏற்றிக்கொண்டு மெல்ல மேலே போய்க்கொண்டிருந்தது.