கட்டிலுக்கு அடியில் ஓடிய விசிறி

வீட்டு மின்சாதனம் எதையும் வார்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்று கதவிலேயே ஒட்டியிருந்தார்கள். அதைப் படித்துவிட்டுத்தான் அவள் பழைய மேசை விசிறியைத் துணிப்பையில் ஒளித்து எடுத்துவந்தாள். அதன் கடகடச் சத்தம் இல்லாமல் அவள் கணவருக்குக் கண் மூடாது. ரேடியோ மெக்கானிக்காக இருந்தவர். விசிறிக்கு ரெகுலேட்டரைத் தன் கையாலேயே செய்து மாட்டியவர்.

விசிறி கட்டிலுக்கு அடியில் ஓடும். காலடிச் சத்தம் கேட்டால் அணைத்துப் போர்வையால் மூடிவிடுவாள்.

மயங்கி விழுந்ததால் சேர்த்திருந்தார்கள். நெஞ்சில் ஒட்டிய ஒயர்கள் துடிப்பை நர்சுகளின் அறைத் திரைக்கு அனுப்பின. மூன்று நாளாக அங்கே கோடு கிறுக்குப் பிடித்ததுபோல் துள்ளியது. ஓடிவந்து பார்த்தால் ஒழுங்காக இருந்தது. வந்து வந்து போகிற கோளாறு, நாளைக் காலை பேஸ்மேக்கர் வைத்துவிடலாம் என்றார் டாக்டர். எதற்கும் கருவியை ஒருமுறை பார்க்கட்டும் என்று பழுது பார்ப்பவரை அனுப்பினார்.

ஏற்கெனவே இரண்டு முறை வந்துபோனவர்தான். சட்டைப்பையில் சின்ன ரேடியோ, எந்த நிலையமும் பிடிக்காமல் உஸ்ஸென்று இரைந்துகொண்டிருந்தது.

"இது எதுக்கு தம்பி? பாட்டு கேக்கவா?" என்றார் கணவர்.

"கரெண்டுல கெட்ட இரைச்சல் எங்க இருந்தாலும் இது கத்திரும் சார். லிஃப்ட், டியூப்லைட் எல்லாம் பாத்தாச்சு. கத்தவே மாட்டேங்குது." பெருமூச்சு விட்டார். "நான் வந்தா மட்டும் எல்லாம் ஒழுங்கா இருக்கு. மிஷின்ல குத்தமில்லன்னு எழுதிக் குடுத்துடறேன்."

"அப்ப குத்தம் எங்க?" என்றாள் அவள்.

"சாரோட நெஞ்சுலதான்க்கா."

யாருடைய காலடி கேட்டாலும் விசிறியை அணைப்பது அவள்தானே. விசிறி போனால் அவருக்குத் தூக்கம் போகும். மறைத்தே வைத்தால், நாளை நெஞ்சைக் கீறுவார்கள். குனிந்து போர்வையை விலக்கி ஸ்விட்சைப் போட்டாள்.

ரேடியோ கறகறவென்று கத்தியது. பழுது பார்ப்பவர் அதைக் கையில் எடுத்துக் கட்டிலடிக்கு நீட்ட, கத்தல் அலறலாயிற்று. கோடு மறுபடி தாறுமாறாக ஆடுகிறது என்று நர்சுகளின் அறையிலிருந்து குரல் வந்தது.

"ரெகுலேட்டர்தான்! எந்தப் புண்ணியவான் மாட்டினது இத?"

"நான்தான்," என்றார் கட்டிலில் கிடந்தவர். "இரைச்சலை அடக்க ஒரு கண்டென்சர் போடணும். அப்புறம் போட்டுக்கலாம்னு விட்டேன்."

"எத்தனை நாளா சார்?"

"பன்னெண்டு வருஷமா."

"நல்லாத்தான் தள்ளிப் போட்டீங்க, போங்க!" அவள் சிரித்தாள். சிரித்தபடியே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஆபரேஷன் நின்றது. மயக்கத்துக்குக் காரணம் சர்க்கரை இறங்கியதுதான் என்று தெரிந்தது. பழுது பார்ப்பவர் விசிறியைத் தன் அறைக்குக் கொண்டுபோய்க் கண்டென்சர் வைத்து, வீட்டுக்குப் போகும் நாளில் கொடுத்தார்.

கணவர் அதற்குப் பிறகு ஆறு வருடம் உயிரோடு இருந்தார். விசிறி இன்னும் அவர் படுத்த பக்கத்து மேசையில் ஓடுகிறது, அவருக்குப் பிடித்த வேகத்திலேயே. அவளுக்கு அது குளிரத்தான் செய்கிறது. போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்கிறாளே தவிர, ரெகுலேட்டரைத் தொடுவதில்லை.