வெந்நீரில் கழுவியது

தெர்மாமீட்டரைப் பச்சைத் தண்ணீரில்தான் கழுவ வேண்டும் என்று தீர்த்தம்மாளுக்குத் தெரியாமல் இல்லை. தருமபுரி மிஷன் ஆஸ்பத்திரியில் நர்சு படிப்புக்குச் சேர்ந்த முதல் வாரமே பெரிய சிஸ்டர் சொல்லிக்கொடுத்த பாடம் அது. வெந்நீர் பட்டால் பாதரசம் பொங்கிக் கண்ணாடி வெடித்துவிடும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அட்சரம் பிசகாமல் ஒப்பிப்பாள். ஆனால் படித்த பாடம் ஒரு பக்கம், பிறந்த வீட்டுப் புத்தி ஒரு பக்கம்.

நல்லம்பள்ளிப் பக்கத்தில் நாலு ஏர் பூட்டும் குடும்பம் அவளுடையது. கல்யாணமான இரண்டாம் வருஷமே தாலியறுத்து, அண்ணன் வீட்டில் அண்ணியின் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சோறு தின்றவள். இங்கே வந்த பிறகுதான் நிமிர்ந்து நடந்தாள். அதற்கு மூன்றாம் வருஷத்து ரோசம்மாள்தான் காரணம். எலுமிச்சம்பழத்தில் ஊசி குத்தப் பழக்கியதும், கட்டுப் போட்டுப் பழகத் தன் கையையும் காலையும் நீட்டியதும், சார்ட்டில் இங்கிலீஷில் எழுதக் கற்றுக்கொடுத்ததும் அவள்தான். ஏற்கெனவே இரண்டு தடவை கைப்பிசகு செய்து தீர்த்தம்மாள் சிஸ்டரிடம் மாட்டியிருந்தாள். மூன்றாவது தடவை என்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு அண்ணி வாசலுக்குப் போக வேண்டியதுதான்.

அது உலகச் சண்டை நடந்த காலம். சீமையிலிருந்து சாமான் வருவது நின்றுபோய், பிரசவ வார்டில் ஏழு படுக்கைக்கும் ஒரே தெர்மாமீட்டர். முந்தின சாயங்காலம் அது கடைசியாக ஏழாம் படுக்கை ராமக்காவின் வாயில் இருந்தது. வத்தல்மலையிலிருந்து டோலி கட்டித் தூக்கிவந்த மலைக்காரி. பிள்ளை பெற்று மூன்றாம் நாள். அதன்பின் கழுவி, ராத்திரி முழுக்க மருந்துத் தண்ணீரில்தான் கிடந்தது. காலையில் முதல் படுக்கையில் பாஞ்சாலி, தீர்த்தம்மாளின் ஊரில் பெரிய குடும்பத்துப் பெண், வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தாள். அவள் ஒன்றும் சொல்லவில்லை. தீர்த்தம்மாளுக்குத்தான் மனசு கேட்கவில்லை. மலைக்காரி எச்சில் பட்டதை நம்ம சாதிப் பெண் வாயில் எப்படி வைப்பது? பிள்ளைகளைக் குளிப்பாட்ட ஆவி பறக்க வைத்திருந்த வெந்நீரில் ஒரே ஒரு முக்கு முக்கினாள்.

டப்பென்று வெடித்தது.

வெந்நீருக்குள் கையை விட்டுத் துழாவிக் கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கினாள். கை சிவந்து காந்தியது. அந்தக் கையாலேயே ஏழு பேர் நெற்றியையும் தொட்டுப் பார்த்தாள். சுட்ட கைக்கு எந்த நெற்றிதான் சுடும்? ராமக்காவின் நெற்றி குளுகுளுவென்று இருந்ததாகத்தான் பட்டது. ஏழு சார்ட்டிலும் 98.4 என்று எழுதிவைத்தாள்.

ரோசம்மாளிடம் பாதி உண்மையைத்தான் சொன்னாள். எல்லோருக்கும் பார்த்து முடித்த பிறகு உடைந்துவிட்டது என்றாள். ரோசம்மாள் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. நேரே போய், "நான்தான் சிஸ்டர் கீழ போட்டுட்டேன்" என்று ஏற்றுக்கொண்டாள். அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போக அவளுக்கு லீவு இல்லை என்றாகிவிட்டது.

சாயங்காலம் ராமக்கா கட்டில் ஆட நடுங்கினாள். ரோசம்மாள் ஆண்கள் வார்டிலிருந்து தெர்மாமீட்டர் வாங்கிவந்து வைத்தாள். நூற்று நாலு. டாக்டர் சார்ட்டைப் பார்த்தார். "காலையில் ஒன்றுமில்லை. திடீரென்று ஏறியிருக்கிறது" என்று புதிதாக வந்திருந்த சல்பா மாத்திரையை எழுதினார். ஒரு பகல் முழுக்க வீணாய்ப் போனது தீர்த்தம்மாள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

பன்னிரண்டு நாள் ராமக்கா சாவுக்கும் பிழைப்புக்கும் நடுவில் கிடந்தாள். மார்பில் பால் வற்றிவிட்டது. தீர்த்தம்மாள் பிள்ளைக்குப் பாலாடையில் பசும்பால் புகட்டினாள், ராமக்காவுக்குத் துணி மாற்றினாள், கஞ்சி ஊட்டினாள். என்ன செய்தும் குற்றம் குறையவில்லை. குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சும்மா சொன்னதில்லை. ராமக்கா தேறிய அன்றைக்கு நெஞ்சு லேசாகும் என்று நினைத்தாள். அன்றைக்குத்தான் அதிகமாகக் கனத்தது. தனக்காக ரோசம்மாள் லீவை இழந்துவிட்டுச் சிரித்துக்கொண்டே கட்டுத் துணி சுருட்டிக்கொண்டிருந்ததைப் பார்க்கவே முடியவில்லை.

கடைசியில் சிஸ்டரிடம் போய், தெர்மாமீட்டரைத் தானே உடைத்ததையும் காய்ச்சல் பார்க்காமலே எழுதியதையும் சொல்லிவிட்டாள். சிஸ்டர் ராமக்காவின் சார்ட்டை எடுத்து அந்த 98.4-ஐப் பார்த்தார்.

"தானாக வந்து சொன்னதனால் வீட்டுக்கு அனுப்பவில்லை. ஒரு வருஷம் முதலிலிருந்து படி. ரோசம்மாளுக்கு லீவு உண்டு. ராமக்காவிடம் சொன்னாயா?"

"இல்லைங்க, சிஸ்டர்."

"அதையும் சொல்லிவிட்டு வா."

ராமக்கா பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டு புறப்படத் தயாராக நின்றாள். புருஷன் பொன்னன் மூங்கில் குழாயில் மலைத்தேன் கொண்டுவந்திருந்தான்.

"வாங்க நர்சம்மா. எல்லாரும் அந்தக் கண்ணாடிக் குச்சியத்தான் வெச்சாங்க. நீங்க ஒருத்தருதான் கைய வெச்சுப் பாத்தீங்க. இந்தக் கைதான் என்னியக் காப்பாத்துச்சின்னு இவருகிட்ட சொல்லிட்டிருந்தேன்."

தீர்த்தம்மாள் அந்தக் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். "சுடுதண்ணியில முக்கி ஒடச்சது நான்தானுங்க. கையி காந்திக்கிட்டு இருந்துச்சு. உங்க காய்ச்சல் எனக்குத் தெரியல. தெரிஞ்ச மாதிரி எழுதிட்டேன்."

ராமக்கா பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். "போவுது வுடுங்க. பொழச்சிட்டேன் இல்ல" என்றாள். பிள்ளையைத் தோள் மாற்றிக்கொண்டு, "குச்சிய எதுக்குச் சுடுதண்ணியில முக்கினீங்க?" என்று கேட்டாள்.

இந்தக் கேள்வியை டாக்டர் கேட்கவில்லை, சிஸ்டர் கேட்கவில்லை, ரோசம்மாளும் கேட்கவில்லை. தெரியாமல் முக்கிவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"அதுக்கு முன்னாடி உங்க வாயில வெச்சதுங்க."

ராமக்காவுக்குப் புரிய நேரமாகவில்லை. பொன்னன் கையிலிருந்த குழாயை வாங்கி, தீர்த்தம்மாளிடம் நீட்டினாள்.

"தேனு உங்களுக்குன்னுதான் எடுத்தாந்தாரு. அப்பிடியே குடிப்பீங்களா, காய்ச்சித்தான் குடிப்பீங்களா?"

அதில் கேலி இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். தீர்த்தம்மாள் இரண்டு கையாலும் குழாயை வாங்கிக்கொண்டாள். இருட்டுவதற்குள் மலை ஏற வேண்டுமே என்று பொன்னன் அவசரப்படுத்த, இருவரும் கேட்டைத் தாண்டி மலைப் பாதைக்குத் திரும்பிவிட்டார்கள்.